கவுண்டித் தேர்தலில் உங்கள் பெயரைக் கொடுப்பதற்கு முன்: டெக்சஸ் தமிழர்களுக்கு ஒரு கன்சர்வேட்டிவ் வாக்காளரின் வழிகாட்டி

பிப்ரவரி பாதியில் என் ஃபோனுக்கு ஒரே மாதிரிச் செய்திகள் வரத் தொடங்கும். "அண்ணா, பேலட் பார்த்தீங்களா? இதுல யாருக்குப் போடறது?" ஆளுநர், செனட்டர் வரைக்கும் எல்லாரிடமும் ஒரு கருத்து இருக்கும். அதற்குக் கீழே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கமிஷனர், டிஸ்ட்ரிக்ட் கிளார்க், ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்று இறங்க இறங்க, பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த இடத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் "நான் இவருக்குப் போடுகிறேன், காரணம் இது" என்று சொல்வது வேலை செய்கிறது. எண்டார்ஸ்மென்ட் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அவ்வளவுதான் அது. உங்கள் பெயரை இன்னொருவருக்குக் கடன் கொடுப்பது.

நான் டல்லாஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில் இருக்கிறேன். உள்ளூர் அளவில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர்களைத்தான் ஆதரிக்கிறேன், அதை மறைக்கவில்லை. நீங்கள் வேறு பக்கம் என்றாலும் இதில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும், சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆனால் இங்கே சொல்வதெல்லாம் டெக்சஸ் கணக்கு. நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பவர்கள் அவரவர் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், சொல்லிவிட்டு மேலே போகிறேன். தமிழில் 'பழமைவாதி' என்று எழுதினால் நம் ஆட்களுக்கு வேறு ஏதோ தோன்றுகிறது, பெண்களைப் படிக்க அனுப்பாத தாத்தா மாதிரி. இங்கே கவுண்டி மட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ரொம்பச் சாதாரணம்: வரியைக் கட்டுக்குள் வை, வாக்காளரைக் கேட்காமல் கடன் வாங்காதே, போலீஸையும் சிறையையும் ஒழுங்காக நடத்து, மற்றதில் தலையிடாதே. அதனால் கன்சர்வேட்டிவ் என்றே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஸ்டேட்டஸ்

இதைத் தாண்டாமல் வேறு எதையும் செய்யாதீர்கள். குடியுரிமை பெற்றவர் என்றால் பிரச்சினையே இல்லை: வாக்களிக்கலாம், நன்கொடை கொடுக்கலாம், பெயர் கொடுக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது, ஆனால் நன்கொடை கொடுக்கலாம், ஆதரவும் தெரிவிக்கலாம். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 விசாக்காரர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டவர் நன்கொடைக்கான தடை மத்திய அரசுச் சட்டம், அது ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டுமல்ல, நம் தெருமுனைக் கான்ஸ்டபிள் தேர்தலுக்கும் பொருந்தும். சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகப் போய் உதவலாம், ஆனால் பிரச்சாரப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. நண்பர் பெயரில் கொடுத்துவிட்டு அவருக்கு வென்மோவில் அனுப்பிவிடலாமே என்று யோசிப்பவர்களுக்கு: அது இன்னும் பெரிய குற்றம்.

அதைவிட முக்கியமாக, டிரைவர் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். குடிமகன் இல்லாதவர் அங்கே அவசரத்தில் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டால், பல வருடம் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா" என்ற கேள்வியில் வந்து நிற்கும். வாக்களித்தே விட்டால் நாடு கடத்தலில்கூட முடியலாம். விளையாட்டில்லை.

குடியுரிமை பெற்றவர்கள் அதற்கான உறுதிமொழி (ஓத்) எடுத்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். இங்கே புதிதாகப் பதிவு செய்யும் எல்லாருக்குமான ஆன்லைன் வசதி கிடையாது. படிவத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும், அதுவும் தேர்தலுக்கு 30 நாள் முன்னதாக.

கவுண்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது

இங்கேதான் நான் முதல் தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். ஒரு கமிஷனர் வேட்பாளருக்காக உற்சாகமாக ஒரு பக்கம் எழுதினேன். பள்ளி வரியைக் குறைப்பார், நம் ஏரியாவில் அபார்ட்மென்ட் மேல் அபார்ட்மென்டாகக் கட்டுவதை நிறுத்துவார் என்று. என் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு ஆசிரியை ஒருவர் அதைப் படித்துவிட்டு, நாயை நடத்திக்கொண்டு வந்தவர் நின்று, "தம்பி, இந்த இரண்டுமே கவுண்டி வேலை இல்லையே" என்கிற தோரணையில் சிரித்தார். காது சூடாகிவிட்டது. அந்த வேட்பாளரும் அதைத் திருத்தாமல் தன் பக்கத்தில் போட்டுவிட்டார் என்பது வேறு விஷயம், அதற்கு அப்புறம் அவரைப் பற்றியே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சரி, டெக்சஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றையும் நடத்துவது கமிஷனர்ஸ் கோர்ட். பெயரில் கோர்ட் இருக்கிறதே தவிர அது நிர்வாகக் குழு: ஒரு கவுண்டி ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள், மொத்தம் ஐந்து ஓட்டு. பெரிய கவுண்டிகளில் கவுண்டி ஜட்ஜ் கறுப்பு அங்கி போட்டு வழக்கு விசாரிப்பவர் இல்லை. நம் ஊர்க் கலெக்டர் வேலையில் பாதியையும் மாவட்ட ஊராட்சித் தலைவர் வேலையில் பாதியையும் சேர்த்தால் வருகிற ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். கான்ஸ்டபிளும் அப்படியே, ஸ்டேஷன் வாசலில் நிற்பவர் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி, கோர்ட் சம்மன் கொடுப்பது முதல் வீடு காலி செய்ய வைப்பது வரை அவர் ஆபீஸ் வேலை.

இந்தக் கோர்ட் கவுண்டி பட்ஜெட்டைப் போடும், கவுண்டி வரி விகிதத்தை நிர்ணயிக்கும், கவுண்டிச் சாலைகளைப் பார்க்கும். சிறையை நடத்துவது ஷெரிஃப் (கவுண்டிப் போலீஸ் தலைவர்), அதற்குப் பணம் ஒதுக்குவது இவர்கள். நகர எல்லைக்கு வெளியே இருக்கும் நிலத்தில்கூட, இங்கே என்ன கட்டலாம் என்று பொதுவாக மண்டலம் பிரிக்கும் அதிகாரம் டெக்சஸ் கவுண்டிக்குக் கிடையாது. அபார்ட்மென்ட் சண்டை என்றால் சிட்டி கவுன்சிலுக்குப் போங்கள். வீட்டு மதிப்பை ஏற்றியது யார் என்றால் அது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், தனி அமைப்பு. டாக்ஸ் அசெஸர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோமே, அவர் மதிப்புப் போடுவதில்லை, வசூல் செய்கிறார், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் பார்க்கிறார்.

உங்கள் பிராபர்ட்டி டாக்ஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். காலினில் கவுண்டியின் பங்கு சமீப ஆண்டுகளில் 100 டாலர் மதிப்புக்கு 15 சென்ட் பக்கத்தில்தான், பள்ளி டிஸ்ட்ரிக்ட் பங்கு ஒரு டாலருக்குச் சற்று மேலேயே. 5 லட்சம் டாலர் வீட்டுக்கு விலக்குகளைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் கவுண்டிக்கு 750 டாலர் அளவு, பள்ளிக்கு 5,000-க்கு மேல். ஆகவே "உங்கள் வரியைப் பாதியாக்குகிறேன்" என்று ஒரு கவுண்டி வேட்பாளர் சொன்னால் ஒன்று அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அப்படியானால் கன்சர்வேட்டிவ் என்பதற்குக் கவுண்டியில் என்னதான் பொருள்? இரண்டு இடத்தில் அது பளிச்சென்று தெரியும். ஒன்று வரி விகிதம். 2019-இல் டெக்சஸ் சட்டமன்றம் கொண்டுவந்த மாற்றப்படி, கவுண்டியின் அன்றாட நிர்வாகத்துக்கான வரி வருவாய், புதுக் கட்டடங்களைக் கழித்துப் பார்த்தால், 3.5 சதவீதத்துக்கு மேல் ஏறுகிற விகிதத்தை வைத்தால் பொதுவாக வாக்காளர் ஒப்புதல் வேண்டும். போன வருட வருவாயையே தருகிற விகிதத்துக்கு நோ நியூ ரெவென்யூ ரேட் என்று பெயர். ஒரு கமிஷனர் ஆகஸ்ட், செப்டம்பர் பட்ஜெட் கூட்டங்களில் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே கை தூக்கினார் என்பதுதான் அவர் கன்சர்வேட்டிவா இல்லையா என்பதற்கு நான் நம்பும் ஒரே சான்று. மேடையில் எல்லாரும் முன்னாள் ஜனாதிபதி ரேகன் பெயரைச் சொல்வார்கள்.

இரண்டாவது கடன். பாண்ட் (கடன் பத்திரம்) என்றால் மக்களிடம் ஓட்டுக்கு வரும். காலினில் 2023 நவம்பரில் நீதிமன்ற வளாகம், விலங்குக் காப்பகம், பூங்கா, சாலை என்று தனித்தனியாகக் கேட்டார்கள். சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆப்ளிகேஷன் என்று இன்னொரு வழி இருக்கிறது. அதற்கு அறிவிப்புக் கொடுத்தால் போதும், 5 சதவீத வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தால்தான் தேர்தல். யார் அந்தக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்குவது? உங்கள் வேட்பாளரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். தடுமாறினால் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது பேச வேண்டும்

நவம்பரில் பேசினால் காலினைப் போன்ற கவுண்டியில் பாதி கதை முடிந்துவிட்டிருக்கும். ரிபப்ளிகன் கை ஓங்கிய இடங்களில் பல பதவிகளுக்கு உண்மையான போட்டி மார்ச் பிரைமரிதான், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் முதல் செவ்வாய்: 2026-க்கு மார்ச் 3, 2028-க்கு மார்ச் 7. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் மே நான்காம் செவ்வாய் முதல் இருவருக்கு நடுவில் மறுபோட்டி, ரன்ஆஃப். 2022 மார்ச்சில் மாநிலத்தில் 1.7 கோடிக்கு மேல் பதிவு செய்த வாக்காளர்கள் இருந்தார்கள், ரிபப்ளிகன் பிரைமரிக்கு வந்தவர்கள் 20 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பத்துப் பேரில் ஒருத்தர் கணக்கு. உங்கள் சப்டிவிஷனில் பிரைமரிக்கே போகாத 40 தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்களில் பாதிப் பேரை நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் அது கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கை.

கட்சியில் சேர வேண்டுமா என்று கேட்பார்கள். டெக்சஸில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. போய் எந்தக் கட்சி பேலட் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வதுதான். ஒரு கட்சி பிரைமரியில் போட்டால் அந்தத் தேர்தல் சுற்றில் மற்றக் கட்சியின் பிரைமரியிலும் ரன்ஆஃபிலும் போட முடியாது, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். எந்தக் கட்சி பேலட் வாங்கினீர்கள் என்பது பொதுப் பதிவு, யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். நம் ஆட்கள் பலருக்கு முதல் பாதி தெரியாது, தெரிந்ததும் முகம் மாறுகிறது.

நாள்கணக்கு இப்படி: மனுத்தாக்கல் முந்தைய டிசம்பர் இரண்டாவது வாரத்தோடு முடியும். அப்போதே யார் யார் என்று பட்டியல் வந்துவிடும். டிசம்பர் கடைசியில் கேள்வி கேளுங்கள், ஜனவரியில் முடிவெடுங்கள், பிப்ரவரி பாதியில் தொடங்கும் முன்கூட்டிய வாக்களிப்புக்கு முன்னால் எழுதி வெளியிட்டுவிடுங்கள். எல்லாப் பதவியும் எல்லாத் தேர்தலிலும் வராது. கவுண்டி ஜட்ஜும் 2, 4-ஆம் பிரிசிங்க்ட் (கவுண்டியின் உட்பகுதி) கமிஷனர்களும் ஆளுநர் தேர்தல் ஆண்டில், ஷெரிஃபும் 1, 3-ஆம் பிரிசிங்க்ட் கமிஷனர்களும் ஜனாதிபதி தேர்தல் ஆண்டில். ஃப்ரிஸ்கோவில் இருப்பவர்கள் முதலில் உங்கள் வீடு காலினா டென்டனா என்று பாருங்கள், ஊர் இரண்டு கவுண்டியிலும் பரவிக் கிடக்கிறது. தவறான கவுண்டி வேட்பாளருக்கு யார்டு சைன் (வீட்டு முன் தேர்தல் பலகை) வைத்த நண்பர் எனக்கு இருக்கிறார், இன்றும் அதைச் சொல்லிக் கலாய்க்கிறோம்.

வேட்பாளரை எப்படிச் சோதிப்பது

தீபாவளி விழாவுக்கு வந்து குர்தா போட்டு "நமஸ்தே" சொன்னார் என்பதற்காகப் பெயரைக் கொடுக்காதீர்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வருகிறார்கள், சமோசா எல்லாருக்கும் பிடிக்கும். நம் நாட்டுக்காரர் என்பதும், சட்டையில் இருக்கும் கட்சிப் பெயரும்கூடப் போதாது. ஃபோர்ட் பெண்ட் கவுண்டி ஜட்ஜாக 2018-இல் ஜெயித்த கே.பி. ஜார்ஜ் கேரளத்தில் பிறந்தவர். டெமாக்ரட்டாக வந்தவர், 2025-இல் ரிபப்ளிகன் கட்சிக்கு மாறினார். சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. பட்டன் பேட்ஜை விட்டுவிட்டு, அவர் போட்ட ஓட்டுகளைப் படித்திருந்தால்தான் அவரைப் பற்றி இரண்டு நிலையிலும் ஏதாவது சொல்ல முடியும் என்கிறேன்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் வேலை சுலபம். பெரிய கவுண்டிகள் கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்தின் வீடியோவையும் நிகழ்ச்சி நிரலையும் இணையத்தில் போடுகின்றன. பட்ஜெட் நாள் கூட்டத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டுப் பாருங்கள், தூக்கம் வரும், ஆனால் ஒரு மாலையில் முடிந்துவிடும். புதியவர் என்றால் பணக் கணக்கைப் பாருங்கள். டெக்சஸில் வேட்பாளர் ஒரு டாலர் வாங்கும் முன்பே பிரச்சாரப் பொருளாளர் ஒருவரை நியமித்துப் படிவம் கொடுத்திருக்க வேண்டும், தானே பொருளாளராகவும் இருக்கலாம். ஜனவரி 15, ஜூலை 15 என இரண்டு அறிக்கை, போட்டி இருந்தால் தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும் இன்னும் இரண்டு. கவுண்டி வேட்பாளர்களின் அறிக்கை கவுண்டி அலுவலகத்தில் தாக்கலாகும், பொதுவாக அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். யார் கொடுத்திருக்கிறார்கள்? சாலை கான்ட்ராக்ட் எடுக்கும் என்ஜினியரிங் கம்பெனிகளின் ஆட்களா, நில புரோமோட்டர்களா, பக்கத்துத் தெரு ரிட்டயர்டு தம்பதிகளா? கான்ட்ராக்ட்காரர் தனி ஆளாகக் கொடுப்பது தப்பில்லை, சட்டப்படி கொடுக்கலாம், ஆனால் சிக்கனம் பேசுகிறவரின் பட்டியலில் பாதிக்கு மேல் கவுண்டியிடம் பில் போடுகிறவர்களாக இருந்தால் நான் கேட்பேன்.

நேரில் ஒரு பத்து நிமிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். கவுண்டி வேட்பாளருக்கு உங்கள் பத்து நிமிடம் பெரிது. நான் கேட்கும் கேள்விகள் மூன்றோ நான்கோதான்: போன பட்ஜெட்டில் எந்த ஒரு செலவை வெட்டியிருப்பீர்கள், பெயர் சொல்லுங்கள். சிறையில் கூட்டம் அதிகமானால் புதிதாகக் கட்டுவீர்களா, பக்கத்துக் கவுண்டிக்கு வாடகை கொடுப்பீர்களா? பாண்ட் போடாமல் கடன் வாங்க எப்போது ஒப்புக்கொள்வீர்கள்? ஷெரிஃப் வேட்பாளர் என்றால் 287-ஜி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். உள்ளூர்ச் சிறை மத்தியக் குடிவரவுத் துறையோடு சேர்ந்து வேலை செய்யும் ஒப்பந்தம் அது. அதை நான் ஆதரிக்கிறேன், நீங்கள் இல்லாமல் இருக்கலாம், எப்படியானாலும் உங்கள் பெயர் அதற்கும் சேர்த்துத்தான் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

எழுதுவது

இப்போது உட்கார்ந்து எழுதுங்கள். "நேர்மையானவர், கடின உழைப்பாளி, குடும்பத்தை நேசிப்பவர்" என்று எழுதினால் எதிர்த்து நிற்பவருக்கும் அதையே ஒட்டலாம். படிக்கிறவர் உங்களிடம் எதிர்பார்ப்பது மூன்று விஷயம்: நீங்கள் யார், இந்தப் பதவி என்ன, இவர் அதில் எதைச் செய்தார் அல்லது செய்வதாகச் சொன்னார். நான் பிரைமரிக்கு முன் நம் ஆட்களுக்கு அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது, இன்னார் என்ற இடத்தில் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"பதினான்கு வருடமாக இந்தக் கவுண்டியில் வீடு வைத்து வரி கட்டுகிறேன். நம் பிரிசிங்க்ட் கமிஷனர் பதவிக்கு இன்னாருக்கு என் ஓட்டு. கமிஷனர் செய்வது மூன்று வேலை: வரி விகிதம், கவுண்டிச் சாலை, சிறைக்கும் கோர்ட்டுக்கும் பட்ஜெட். வரி விகிதத்தை நோ நியூ ரெவென்யூ ரேட்டுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஒவ்வொரு செலவாக விளக்கிச் சொன்ன பிறகுதான் கை தூக்குவேன் என்று என்னிடம் நேரில் சொன்னார். ஓட்டு இல்லாமல் கடன் வாங்குவதற்கு எதிர்ப்பு என்றும் சொன்னார். ஒன்றில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, புதிய சாலைக்கு டோல் போடுவதில். அதையும் தெரிந்துகொண்டுதான் ஆதரிக்கிறேன். பள்ளி வரி, வீட்டு மதிப்பு, அபார்ட்மென்ட் இவையெல்லாம் இவர் கையில் இல்லை, அதற்கு இவரைக் கேட்காதீர்கள்."

ஒத்துப்போகாத ஒன்றைச் சேர்த்ததைப் பார்த்துப் பிரச்சாரக்காரர்கள் முகம் சுளித்தார்கள், எடுத்துவிடச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மூன்று பேர் ஃபோன் செய்தார்கள். எதிராளியைத் திட்டாதீர்கள், பிரைமரியில் தோற்றவரின் ஆட்களோடுதான் நவம்பரில் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று எழுதினால் நல்லது, ஆனால் இரண்டிலும் ஒரே விஷயம் இருக்கட்டும். தமிழ்க் குழுவில் ஒன்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் வேறு சொன்னால் யாராவது கூகுளில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுவார்கள்.

அப்புறம் வேட்பாளரின் இணையதளத்தில் ஆதரவாளர் படிவம் இருக்கும், அதில் பெயர், ஊர், பொதுவில் போடலாமா என்ற டிக். எழுத்து மூலம் சம்மதம் கொடுங்கள், எந்த வாசகம் போடுவார்கள் என்று முன்பே கேளுங்கள். ஏன் என்றால்...

உங்கள் பெயருக்குப் பின்னால் என்ன வருகிறது

ஒரு முறை நான் வெறும் பெயரைத்தான் கொடுத்தேன். அட்டை அச்சாகி வந்தபோது அதற்குக் கீழே ஒரு சங்கத்தில் எனக்கிருந்த பொறுப்பையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். எங்கிருந்து எடுத்தார்களோ! அன்று இரவு செயற்குழுவில் இருந்து பதினோரு மிஸ்டு கால். அவர்கள் கோபம் நியாயமானது. தமிழ்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி, கோவில் என்று நம் அமைப்புகள் பெரும்பாலும் 501-சி-3, வரிவிலக்குப் பெற்றவை. 1954-இல் வந்த ஜான்சன் திருத்தத்தின்படி இப்படிப்பட்ட அமைப்பு எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பிரச்சாரம் செய்யக் கூடாது. 2025 ஜூலையில் மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் டெக்சஸ் நீதிமன்றம் ஒன்றில், வழிபாட்டுத் தலம் தன் பக்தர்களிடம் வழிபாட்டின் பகுதியாகப் பேசுவது இதில் வராது என்று ஒரு நிலைப்பாட்டைச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு கோவில் மைக்கில் அறிவிக்கக் கிளம்பாதீர்கள், சங்கம் வழிபாட்டுத் தலமே இல்லை. தனி ஆளாகப் பேசுங்கள். சங்க மின்னஞ்சல் பட்டியல், சங்க வாட்ஸ்அப் குழு, பொங்கல் விழா மேடை, மூன்றும் வேண்டாம். பொறுப்பைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் "அடையாளத்துக்காக மட்டும்" என்று பக்கத்தில் போடச் சொல்லுங்கள். நான் போட விடுவதே இல்லை.

ஆபீஸ் மெயிலும் கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஹேட்ச் சட்டம் இருக்கிறது: பெரும்பாலானோர் வேலை நேரத்துக்கு வெளியே ஆதரவு தெரிவிக்கலாம், அலுவலகத்தில் இருந்தோ பதவிப் பெயரிலோ கூடாது, சில துறைகளுக்கு இன்னும் கடுமை. நீதிபதிகளிடம் போய் ஆதரவு கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள், டெக்சஸ் நீதிபதி நடத்தை விதி அவர்களுக்கு அதை அனுமதிப்பதில்லை.

வீட்டில் கூட்டம், பிரியாணிப் பிரச்சினை

பெயர் கொடுத்ததைவிட வலுவானது உங்கள் வரவேற்பறையில் வேட்பாளரை இருபது பேர் முன்னால் உட்கார வைப்பது. ஒன்றேகால் மணி நேரம் போதும். பத்து நிமிடம் அவர் பேசட்டும், மற்றதெல்லாம் கேள்வி. இரவு எட்டு மணிக்கு வைத்தால் பிள்ளைகள் தூக்கம் என்று பாதிப் பேர் வர மாட்டார்கள், ஞாயிறு மதியம் நான்கு மணி சரியாக இருக்கிறது.

சாப்பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. ரெஸ்டாரன்ட் நடத்தும் நண்பர் "நம்ம வீட்டு விசேஷம் மாதிரி, பிரியாணி என் செலவு" என்பார். அவர் கடை இன்கார்ப்பரேட் செய்யப்பட்டது என்றால் அந்த இலவசப் பிரியாணி வேட்பாளருக்குக் கார்ப்பரேஷன் கொடுத்த நன்கொடை, டெக்சஸில் அது தடை. உங்கள் சொந்தக் கார்டில் முழு விலை கொடுத்து வாங்குங்கள், ரசீதை வைத்துக்கொண்டு தொகையைப் பிரச்சாரப் பொருளாளருக்குச் சொல்லிவிடுங்கள், அவர் அறிக்கையில் எப்படிக் காட்டுவது என்று பார்த்துக்கொள்வார். ரொக்கமாக நன்கொடை வாங்குவதும் அறிக்கைக் காலத்துக்கு ஒருவரிடம் 100 டாலரோடு நிற்கும். செக் எழுதுங்கள். கொடுப்பவர் பெயரும் ஊரும் அறிக்கையில் வரலாம், எல்லாரும் படிக்கலாம், வந்தவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விசாவில் இருக்கும் விருந்தாளிகள் வரலாம், சாப்பிடலாம், கேள்வி கேட்கலாம், உண்டியல் பக்கம் மட்டும் போகக் கூடாது.

யார்டு சைன்

ஹெச்ஓஏ (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) கடிதம் வந்தால் பயப்படாதீர்கள். தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து 10 நாள் பின்பு வரை உங்கள் மனையில் தேர்தல் பலகை வைப்பதை ஹெச்ஓஏ பொதுவாகத் தடுக்க முடியாது என்று டெக்சஸ் சட்டமே சொல்கிறது. ஒரு வேட்பாளருக்கு ஒன்று, தரையில் ஊன்றியது, 4-க்கு 6 அடிக்கு மிகாமல் என்று அவர்கள் கட்டுப்பாடு வைக்கலாம். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் புல் பட்டை உங்களுடையது போலத் தோன்றினாலும் பொது இடமாக இருக்கும், அங்கே ஊன்றாதீர்கள். மனைவியிடமும் கேட்டுவிட்டு வையுங்கள், சட்டத்தில் இது இல்லை.

வாக்குச்சாவடி நாட்கள்

வாசலில் இருந்து 100 அடிக்குள் பிரச்சாரம் கிடையாது. வேட்பாளர் பெயர் போட்ட டீ-ஷர்ட், தொப்பி, பட்டன் எதுவும் கூடாது, காரிலேயே கழற்றிவிடுங்கள். உள்ளே ஃபோன் எடுக்கக் கூடாது, பேலட்டோடு செல்ஃபி நினைப்பே வேண்டாம். 100 அடிக்கு வெளியே நின்று வணக்கம் சொல்லலாம், அங்கே நிற்கிற எதிர்த் தரப்பு ஆளோடு காபி பகிர்ந்துகொள்வது இந்த ஊர் வழக்கம், எனக்குப் பிடித்த வழக்கம்.

குடியுரிமை பெற்ற அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க. ஆங்கிலம் படிக்க முடியாதவர் தனக்கு வேண்டியவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், முதலாளியோ தொழிற்சங்க ஆளோ மட்டும் கூடாது. உதவுகிறவர் உறுதிமொழி எடுத்துப் படிவம் நிரப்ப வேண்டும். அந்த உறுதிமொழிக்குப் பிறகு நீங்கள் மகன் இல்லை, கண்ணும் நாக்கும் மட்டும்தான். அம்மா எதிர் வேட்பாளரைக் காட்டினால் அதைத்தான் அழுத்த வேண்டும் (எனக்கு நடந்தது, சாம்பாரில் உப்புக் குறைந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தினேன்). 65 வயதானவர்கள் தபாலில் போடலாம், ஒவ்வொரு ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வீடு வீடாகப் போய் மற்றவர்களின் தபால் ஓட்டுகளை வாங்கிச் சேர்க்கும் வேலையை மட்டும் யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், இங்கே அது கம்பி எண்ண வைக்கும்.

முடிந்த பிறகு

பிரைமரியில் உங்கள் ஆள் ஜெயித்தால் நவம்பருக்கு இன்னொரு முறை எழுத வேண்டும். முன்பெல்லாம் ஒரே பட்டனில் கட்சி முழுவதற்கும் போடலாம். 2018-இல் ஹாரிஸ் கவுண்டியில் ரிபப்ளிகன் கவுண்டி ஜட்ஜ் எட் எம்மெட், ஐக் புயலிலும் ஹார்வி வெள்ளத்திலும் நல்ல பெயர் எடுத்தவர், சுமார் 19 ஆயிரம் ஓட்டில் டெமாக்ரட் லீனா ஹிடால்கோவிடம் தோற்றார். அந்த ஒரே பட்டன் ஓட்டுகள் அதில் பெரிய காரணம் என்று அப்போது பலர் சொன்னார்கள். 2020-இல் இருந்து அந்தப் பட்டன் டெக்சஸில் இல்லை. ஒவ்வொரு பதவியாக இறங்கி வர வேண்டும், பாதியில் களைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதனால் நவம்பர்ச் செய்தியில் நான் ஒரு வரி சேர்ப்பேன்: கடைசிப் பக்கம் வரை போங்கள்.

ஜெயித்தவர் பதவியேற்ற முதல் ஆகஸ்டில் பட்ஜெட் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். பேச வேண்டியதில்லை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் போதும், உங்களைப் பார்ப்பார். நீங்கள் எழுதியதற்கு மாறாக அவர் கை தூக்கினால், அதே ஆட்களுக்கு, அதே நீளத்தில் அதையும் எழுதுங்கள். ஒரு முறை அப்படி எழுத நேர்ந்தது. எழுதி அனுப்பிய மறுநாள் அந்தக் கமிஷனரே ஃபோன் செய்து இருபது நிமிடம் விளக்கினார், நான் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த பிரைமரியில் என் செய்திக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பதில் வந்தது.

யார்டு சைனைப் பத்து நாளுக்குள் எடுத்துவிடுங்கள். அதைத் தாங்கும் ஹெச் வடிவக் கம்பியைத் தூக்கிப் போட வேண்டாம், ஏப்ரலில் தக்காளிச் செடிக்கு ஊன்ற நன்றாக இருக்கும்.